பதில்: 5 கிழமைக் கோழிக்குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் (கிளிநொச்சி)

வணக்கம். இரத்தக் கழிச்சல் மருந்தான அம்ப்ரோலியத்தோடு விற்றமின் பீயும் சேர்த்துக் குடுத்தும் கழிச்சல் நிக்கேல்லை எண்டு எழுதியிருந்தீங்கள். பிழை அங்கதான். அம்ப்ரோலியம் தயமின் (விற்றமின் பீ1) வேஷம் போட்டுத்தான் கிருமியைப் பட்டினி போடுது. நீங்கள் உண்மையான தயமினையே குடுத்தால் மருந்து பலிக்காது. விற்றமினை மருந்து முடியக் குடுங்கோ.

செத்ததை வெட்டிப் பாருங்கோ: குருட்டுக்குடல் இரண்டும் வீங்கி இரத்தம் கட்டியிருந்தால் ஐமீரியா டெனெல்லா எண்ட ஒட்டுண்ணிக் கிருமிதான். குஞ்சு விழுங்கின, அந்தக் கிருமியின்ரை முட்டைக்கூட்டை இரைப்பை அரைக்கும், உள்ளிருந்து வாற கிருமி குருட்டுக்குடல் கலத்துக்குள்ள புகுந்து நூற்றுக்கணக்காய்ப் பிரியும். இரண்டாந் தலைமுறை ஆழமான கலங்களை உடைச்சு வெளியேறேக்கதான், தொற்றி ஏறக்குறைய 5ஆம் நாள், இரத்தம் தெரியும். அதுக்குள்ள சேதம் முடிஞ்சிடும். அதாலை நோய்ப்பட்டதை மட்டுமில்லை, கூட்டிலை உள்ள எல்லாத்துக்கும் குடுங்கோ.

20% அம்ப்ரோலியத் தூள் எண்டால் குடிதண்ணி லீற்றருக்கு 1.2 கிராம், 3–5 நாள், தினமும் புதுசாய். வேறை தண்ணி வைக்கக் கூடாது. பிறகு 0.3 கிராம், ஒரு கிழமை.

மாரி ஈரத்திலை எச்சத்து முட்டைக்கூடு 1–2 நாளிலை தொற்றக்கூடியதாய் முதிரும். புளீச்சிங் அதை ஒண்டும் செய்யாது. நனைஞ்ச உமியை அள்ளி எறிஞ்சு காய்ஞ்சது போடுங்கோ, குறிப்பாய்த் தண்ணிப் பாத்திரத்தடியிலை.