அலுமினிய ரிப், பைபர் இறக்கை முனை: பசையா, ரிவெட்டா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் இரண்டு பேர் உட்காரும் கிட் விமானம் (பாகங்களாக வாங்கி நாமே பொருத்துவது) ஒன்றைக் கட்டி வருகிறேன். பைபர்கிளாஸ் (கண்ணாடியிழை) இறக்கை முனைக்குள் வரும் அலுமினிய ரிப்பை, அதாவது வடிவத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை, எபாக்சிப் பசையில் பருத்தி இழைத்தூள் கலந்து ஒட்டினேன். இரண்டு வாரம் கழித்துக் கட்டைவிரலால் அழுத்தியதும் 'டக்'கென்று விட்டுவிட்டது. ரிப்பின் விளிம்பு புதுசு போலப் பளபளக்கிறது. வேறு பசை வாங்கவா, ரிவெட் (தறையாணி) அடிக்கவா ஐயா?

பதில்: அந்தப் பளபளப்புதான் விடை. ரெசின் (எபாக்சிப் பசை) முழுவதும் பைபர் பக்கம் தங்கிவிட்டது, உலோகத்தில் ஒரு துளிகூட இல்லை. அப்படியென்றால் பசையில் குறை இல்லை, அலுமினியத்தை அது பிடிக்கவே இல்லை. விலை உயர்ந்த பசை வாங்கினாலும் இதே கதைதான்.

அலுமினியத்தைத் தேய்த்த மறுகணமே அதன்மேல் ஆக்சைடு படலம் வளரத் தொடங்கிவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் அந்தப் படலத்தை நம்பி ஒட்டுவது பாசி பிடித்த படியில் சுவரொட்டி ஒட்டுவது மாதிரி. விமானத் தொழிற்சாலைகளில் அமிலக் குளியல், பிரைமர், அடுப்பு எல்லாம் வைத்து இதைச் சமாளிக்கிறார்கள். கொட்டகையில் நமக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் என் வழக்கம் இதுதான்: பிடிப்பது ரிவெட்டின் வேலை; இடைவெளியை நிரப்பி ரிப்பை ஆடாமல் உட்கார வைப்பது பசையின் வேலை.

அதற்காகப் பசை வேலையை அலட்சியமாகச் செய்யலாம் என்று அர்த்தமில்லை. முதலில் இரண்டு பக்கத்தையும் அசிட்டோனால் துடையுங்கள். ஒரு துணியால் நனைத்து, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். துடைக்காமல் தேய்த்தால் பைபரில் இருக்கும் மெழுகு கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு 80 எண் உப்புத்தாளால் பைபரின் மினுமினுப்புப் போகும்வரை தேய்க்கலாம். மூக்குக் கவசம் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

அலுமினிய விளிம்பைச் சிவப்பு ஸ்காட்ச்-பிரைட் தேய்ப்பு நாரால் தேய்த்துக் கழுவி, சுத்தமான தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். சேம்பிலையில் உருள்வது போலத் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. ஒரே படலமாகப் பரவி நின்றால் சரி. காய்ந்ததும் பருத்தித்தூள் சேர்க்காத வெறும் எபாக்சியைத் தடவி, அந்த ஈரத்தின் மேலேயே உப்புத்தாளால் இன்னொரு முறை தேயுங்கள். புதிதாக வெளிப்படும் உலோகம் காற்றைப் பார்ப்பதற்கு முன் ரெசினைப் பார்க்கட்டும். கறுத்த சேறு வரும். அதைத் துடைத்துவிட்டு, பருத்தித்தூள் சேர்த்த கெட்டியான கலவையைப் பூசுங்கள்.

நேரம் முக்கியம். ரப்பர் பால்மரம் வெட்டுவது விடியற்காலையில், ரெசினுக்கு நேர்மாறு. காலையில் காற்றில் ஈரம் உச்சத்தில் இருக்கும். அப்போது பூசினால் சில எபாக்சிகளின் மேலே மெழுகு போன்ற பிசுக்குப் படியும். அடுத்த பூச்சு அதன்மேல் பிடிக்காது. பத்து மணிக்குமேல் ஆரம்பித்து மத்தியான மழைக்கு முன் முடித்துவிடுங்கள். பிசுக்கு வந்துவிட்டால் முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள், அப்புறம் தேயுங்கள். சூட்டில் ரெசின் சீக்கிரம் இறுகும் என்பதால் சிறுகச் சிறுகக் கலப்பது நல்லது.

பூசுவதற்கு முன்பே ரிப்பை வெறுமனே பொருத்தி, துளைகளைப் போட்டு, கிளெக்கோக்களால் (துளையில் செருகும் தற்காலிகப் பிடிகள்) பிடித்துப் பாருங்கள். விளிம்புக்கும் பைபருக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் சந்து இருந்தால் பரவாயில்லை, அதற்குத்தான் கலவை இருக்கிறது. ரிப்பை நெருக்கித் திணிப்பதுதான் தப்பு. வெளித்தோல் அலை அலையாகிவிடும், பசையும் முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடும். முனையின் பின்விளிம்பை ஒற்றைக் கண்ணால் பார்த்து, இரண்டு நேரான மரச்சட்டங்களுக்கு இடையில் பிடித்த பிறகுதான் துளை போட வேண்டும்.

ரிவெட் விஷயத்தில் நானே சூடுபட்டவன். முதல் முறை சுத்தியலால் அடிக்கும் திட ரிவெட்டைப் போட்டேன். மூன்றாவது அடியில் மெல்ல 'நறுக்' என்று ஒரு சத்தம். தண்டு துளைக்குள் பருத்து, பைபரின் அடுக்குகளைப் பிளந்துவிட்டது. துளையைச் சுற்றி வெள்ளை வட்டம் தெரிந்தால் அதுதான் அடையாளம். நடு ஆணியை இழுத்துப் பொருத்தும் மென்மையான அலுமினிய ரிவெட், 3.2 மி.மீ., பள்ளத்தில் பதிந்து தோலோடு சமமாக நிற்கும் தட்டைத் தலை உள்ளது போதும். தலை பைபர் பக்கமும், விரியும் வால் அலுமினியப் பக்கமும் வரட்டும். தலைகீழாகப் போட வேண்டிய இடத்தில் வாலுக்குக் கீழே மெல்லிய அலுமினியப் பட்டை வையுங்கள். துளை பைபரின் ஓரத்திலிருந்து பத்து மில்லிமீட்டராவது உள்ளே இருக்க வேண்டும்; ரிவெட் இடைவெளிக்கு உங்கள் கிட் வரைபடம் சொல்வதுதான் வேதவாக்கு. தலைக்கான பள்ளம் பைபர் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் உள்ளே இரண்டு அடுக்குக் கண்ணாடித்துணி சேர்த்துவிட்டுத் தொடருங்கள். கலவை ஈரமாக இருக்கும்போதே ரிவெட்டுகளை ரெசினில் தோய்த்துப் போட்டுவிடலாம்.

ஹார்ட்வேர் கடை ரிவெட் வேண்டாம். பலவற்றில் நடு ஆணி இரும்பு. முறிந்த துண்டு உள்ளேயே தங்கித் துருப்பிடிக்கும். பைபரில் கறுப்புக் கார்பன் துணி இருந்தால் அது மின்சாரம் கடத்தி அலுமினியத்தை அரிக்கும் என்பதால் நடுவில் ஓர் அடுக்குக் கண்ணாடித்துணி தேவை. வெறும் கண்ணாடியிழை மின்சாரம் கடத்தாது, அங்கே இந்தக் கவலை இல்லை.

வேலை முடிந்ததும் முனையை உடனே மூடிவிடாதீர்கள். மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் எந்தக் கட்டத்தில் பரிசோதனை என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ரிவெட் வால்களைப் பார்க்க வேண்டுமென்றால் அவர்கள் பார்ப்பது இப்போதுதான்.