கை தேர்ந்தால் போதுமா? – நுண்கலைப் பட்டப்படிப்பு பற்றி வாசகர் கேள்விகள்

நுண்கலையில் இளங்கலைப் பட்டம் படிக்க விரும்புபவர்களிடமிருந்தும், படித்துக்கொண்டிருப்பவர்களிடமிருந்தும், அவர்களுடைய பெற்றோரிடமிருந்தும் வந்த கடிதங்களில் ஆறுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: புகைப்படத்தைப் பார்த்து யாருடைய முகத்தையும் பென்சிலில் அச்சு அசலாக வரைந்துவிடுவேன். பார்ப்பவர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். சேர்க்கைக்கான படைப்புத் தொகுப்பில் இந்தப் படங்களை மட்டும் வைத்தால் போதுமா?

பதில்: பாராட்டு நியாயமானதுதான்; அவ்வளவு பொறுமையும் கை அடக்கமும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் முப்பரிமாணப் பொருளைத் தட்டையான பரப்புக்குக் கொண்டுவரும் கடினமான வேலையை, நீங்கள் பென்சிலை எடுப்பதற்கு முன்பே கேமரா செய்து முடித்திருக்கிறது. அது ஒற்றைக் கண்ணால், ஒரே இடத்தில் நின்று, ஒரு நொடியில் எடுத்த முடிவுகளை நீங்கள் பிசகாமல் நகல் எடுக்கிறீர்கள். ஒரு நாற்காலியை எதிரே வைத்து வரைந்து பாருங்கள். தலையைச் சற்று அசைத்தாலும் அதன் கால்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் உருமாறும். எந்தக் கோட்டை எடுப்பது, எதை விடுவது என்பதை நீங்களே தீர்மானிக்க வேண்டியிருக்கும். தேர்வாளர்கள் தொகுப்பில் தேடுவது அந்தத் தீர்மானங்களின் தடங்களைத்தான்.

ஆகவே சில மாதங்களுக்குப் புகைப்படங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, உங்கள் இடது கையை, கழற்றிப்போட்ட செருப்பை, மூலையில் சாத்திவைத்த குடையை, கசங்கிய துணியை நேரில் பார்த்து வரையுங்கள். பொருளை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை மட்டும் வரைவது நல்ல பயிற்சி; தெரிந்த பொருளின் பெயர் குறுக்கே வராததால் கண் நேர்மையாக வேலை செய்யும். தவறிப்போன கோடுகளோடு இருக்கும் ஸ்கெட்ச் புத்தகத்தையும், நிறுவனம் அனுமதித்தால், தொகுப்போடு சேர்த்து வையுங்கள். முக ஓவியங்களில் ஒன்றிரண்டு இருக்கட்டும்.

கேள்வி: வான்கோ எந்தக் கல்லூரியிலும் படிக்காமல்தானே மேதையானார்? பிறகு பட்டம் எதற்கு?

பதில்: வான்கோ பயிற்சியே இல்லாதவர் என்பது பரவலாக நம்பப்படும் கதை. 1880இல் ஓவியராவதென்று முடிவுசெய்த அவர், பிரெஞ்சு ஓவியர் சார்ல் பார்க் வெளியிட்டிருந்த வரைகலைப் பாடத்தாள்களைத் திரும்பத் திரும்ப நகல் எடுத்துப் பழகினார். பிரஸ்ஸல்ஸ் கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1886இன் தொடக்கத்தில் ஆண்ட்வெர்ப் கலைக்கழகத்தில் சேர்ந்து, ஆசிரியர்களோடு ஒத்துப்போகாமல் சீக்கிரமே வெளியேறி, பாரிஸில் கார்மோன் என்ற ஓவியரின் பயிலகத்துக்குப் போனார். பட்டம் இல்லாதவர் என்று வேண்டுமானால் சொல்லலாம், படிக்காதவர் என்று சொல்ல முடியாது. உங்கள் வாதத்துக்கு உதவக்கூடியவர் பிரெஞ்சுச் சிற்பி ரொதான்: பாரிஸ் நுண்கலைப் பள்ளியின் நுழைவுத் தேர்வில் அவர் மூன்று முறை தோற்றார்.

பட்டம் இல்லாமல் கலைஞராகலாம் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆயினும் அச்சு இயந்திரம், சுடுமண் சூளை, உலோக வார்ப்புக்கூடம் ஆகியவற்றைத் தனியொருவர் வீட்டில் வைத்துக்கொள்வது கடினம். அதைவிட அரிதான ஒன்று, மூன்று நான்கு ஆண்டுகள் உங்கள் வேலையை வாரந்தோறும் பார்த்து, முகத்துக்கு நேரே பேசக்கூடிய இருபது பேர். வீட்டிலிருந்தே படிக்க நினைப்பவர் முதலில் அவர்களைத் தேடிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஓவியம் படிக்கத்தான் சேர்ந்தேன். முதல் ஆண்டில் வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டவும், கம்பியிலும் களிமண்ணிலும் வடிவங்கள் செய்யவும் சொல்கிறார்கள். இது நேர விரயம் இல்லையா?

பதில்: இந்த எரிச்சல் ஏறக்குறைய நூறு வயதுள்ளது. 1919இல் ஜெர்மனியின் வைமார் நகரில் தொடங்கிய பௌஹௌஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில், அதன் ஆசிரியர் யோஹானஸ் இட்டன் புதிய மாணவர்கள் அனைவருக்கும் ஆறு மாத ஆரம்பப் பாடத்தை வகுத்தார். இன்று பல கல்லூரிகளில் அடித்தள ஆண்டு என்று நடப்பது பெருமளவுக்கு அதன் வழித்தோன்றல். பின்னாளில் அதே பள்ளியில் கற்பித்த யோசெஃப் ஆல்பர்ஸ், அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பிறகு தம் வண்ணப் பாடங்களுக்குப் பெயின்டைவிடத் தாளையே விரும்பினார். பெயின்டில் ஒரே நிறத்தை இரண்டாம் முறை பிசகாமல் கலப்பது கடினம். தாளில் நிறம் மாறாமல் இருப்பதால், மாறுவது நம் கண்தான் என்பது தெளிவாகிவிடும்.

ஒரே சாம்பல் நிறத் தாளிலிருந்து இரண்டு சிறு சதுரங்களை வெட்டி, ஒன்றை அடர்ந்த கறுப்பின் நடுவிலும் மற்றதை வெள்ளையின் நடுவிலும் வையுங்கள். கறுப்பின் நடுவில் இருப்பது வெளுத்தும், வெள்ளையின் நடுவில் இருப்பது கறுத்தும் தோன்றும். இரண்டும் ஒரே தாள்தான் என்று அறிவு அடித்துச் சொன்னாலும் கண் ஒப்புக்கொள்ளாது. இதை ஒரு முறை கண்டுவிட்டவர், கேன்வாஸில் ஒரு நிறம் சரிவரவில்லை என்றால் அந்த நிறத்தையே பத்து முறை திருத்திக்கொண்டிருக்காமல், பக்கத்து நிறத்தை மாற்றிப் பார்ப்பார். அந்த ஒரு பழக்கம் பிற்பாடு உங்களுக்குப் பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தும்.

கற்பிக்க இது ஒன்றே வழி என்று நான் சொல்லவில்லை. அதே 1919இல் வங்காளத்தின் சாந்திநிகேதனில் தொடங்கிய கலாபவனம் என்ற கலைப் பள்ளியில் ஓவியர் நந்தலால் போஸ், மரத்தையும் மாட்டையும் மனித நடையையும் திறந்தவெளியில் நாள்தோறும் பார்த்து வரைவதை அடிப்படையாக வைத்தார். இரு பள்ளிகளும் ஒன்றையொன்று அறியாமலும் இல்லை. பௌஹௌஸ் ஆசிரியர்களின் படைப்புகள் 1922 டிசம்பரில் கல்கத்தாவில் காட்சிக்கு வைக்கப்பட்டன. உங்கள் கல்லூரி தாளையும் கம்பியையும் மட்டும் கொடுக்கிறதென்றால், மாலையில் வெளியே போய் வரையும் மற்றப் பாதியை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் என் ஓவியத்தை விமர்சித்தார்கள். நான் சொல்லவந்ததை ஒருவரும் புரிந்துகொள்ளவில்லை. அடுத்த விமர்சன அமர்வை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பதில்: நான் மாணவனாக இருந்தபோது, ஒரு நிலக்காட்சியைப் பற்றிப் பேச நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஆசிரியர் என்னைப் பத்து நிமிடம் வாய் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மற்றவர்கள் என்ன காண்கிறார்கள் என்று கேட்டார். ஆறு என்று நான் வரைந்திருந்ததை மூன்று பேர் சாலை என்றார்கள். அன்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த நீலம் தரையில் படுக்காமல் செங்குத்தாக நிற்பதை அவர்கள் சொன்ன பிறகே கவனித்தேன். என் நான்கு பக்கங்கள் அந்தக் குறையை எல்லோரிடமிருந்தும், முக்கியமாக என்னிடமிருந்து, மறைத்திருக்கும்.

அமர்வில் வருபவை மூன்று வகைப் பேச்சு. "இந்த மூலைக்குக் கண் போகவே இல்லை" என்பது பார்த்ததைச் சொல்வது, அதை மறுக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். "நானாக இருந்தால் சிவப்பு வைத்திருப்பேன்" என்பது சொல்பவருடைய ஓவியத்தைப் பற்றியது, அதைக் கேட்டுக்கொண்டால் போதும். "உனக்கெல்லாம் இது வராது" என்பது விமர்சனமே இல்லை. ஆசிரியரே சொல்லியிருந்தாலும் அதற்குக் கல்வி மதிப்பு எதுவும் கிடையாது. தொடர்ந்து அப்படிப் பேசப்பட்டால் துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள். மற்றபடி, ஒரு நண்பரை உங்களுக்காகக் குறிப்பெடுக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் அதைப் படித்துப் பாருங்கள். அமர்வின் நடுவே நம் காது நேராகக் கேட்பதில்லை.

கேள்வி: என் மகள் நுண்கலைதான் படிப்பேன் என்கிறாள். பிழைக்க முடியுமா?

பதில்: தம் படைப்புகளை விற்று மட்டுமே வாழ்பவர்கள் சிலரே, இதை மகளிடம் மறைக்க வேண்டாம், அவளுக்கும் அநேகமாகத் தெரிந்திருக்கும். பெரும்பாலானோர் கற்பித்தல், நூல் ஓவியம், அனிமேஷன், அரங்க அமைப்பு, அருங்காட்சியகப் பணி போன்ற ஒன்றோடு தம் சொந்த வேலையையும் சேர்த்து நடத்துகிறார்கள். பழைய ஓவியங்களைப் பாதுகாத்துச் சீரமைக்கும் துறையில் மேற்படிப்புக்குப் பல இடங்களில் வேதியியல் அறிவையும் எதிர்பார்ப்பதால், அவளுக்கு அந்த நாட்டம் இருந்தால் வேதியியலைக் கைவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். "பிழைக்க முடியுமா" என்பதோடு இன்னொன்றையும் அவளிடம் கேட்டுப் பாருங்கள்: யாரும் சொல்லாத நாட்களிலும் வரைகிறாளா? ஆம் என்றால் பேச்சைக் கட்டணம், விடுதி பக்கம் நகர்த்தலாம்.

கேள்வி: விடுதி அறையில் எண்ணெய் வண்ணம் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: விடுதி விதி அனுமதித்தாலும், காற்றோட்டம் இல்லாத, படுத்துறங்கும் அறையில், எண்ணெய் வண்ணத்தை இளக்கப் பயன்படும் டர்பென்டைன் வேண்டாம். எண்ணெய் வண்ணத்தில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய், நீர் ஆவியாவதுபோல் உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுகிறது, அப்போது வெப்பம் வெளிப்படுகிறது. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவித்துவைத்தால் அந்த வெப்பம் உள்ளேயே தேங்கி, தீக்குச்சி இல்லாமலே தீப்பற்றக்கூடும். துணிகளை வெளியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீர் ஊற்றி நனைத்து மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் போடுங்கள். அறைக்கு அக்ரிலிக்கோ நீர்வண்ணமோ போதும்.