சிஸ்டர் என்றால் எந்த சிஸ்டர்?

கேள்வி: கன்னியர் சபை நடத்தும் மருத்துவமனையில் அலுவலக மேற்பார்வை பார்க்கிறேன். பணியாளர் விவரம், வருகை, பணி மதிப்பீடு எல்லாவற்றுக்கும் புது மென்பொருள் வாங்கியிருக்கிறார்கள். “ஆண்டவருக்குச் செய்கிற ஊழியத்துக்கு மார்க்கா?” என்கிறார் மதர். இதனால் வேலை நிஜமாகவே முன்னேறுமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: கம்ப்யூட்டர் வந்ததாலேயே முன்னேறாது அம்மா. நானும் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவள். அங்கே மடத்து சிஸ்டர்களையும் சம்பள நர்ஸ்களையும் ‘சிஸ்டர்’ என்று ஒரே தலைப்பில் ஏற்றிவிட்டோம். சபை மாற்றல் போட்டால் மடத்தார் மறுவாரமே கிளம்பிவிடுவார்கள். சம்பளப் பட்டியலில் இல்லாததால் பெயரை நீக்க யாருக்கும் தோன்றாது. கணக்கில் அந்த வார்டுக்கு ஆறு பேர். போய்ப் பார்த்தால் நாலு பேர். அந்த நாலு பேருக்குத்தான் ‘வேலை மந்தம்’ என்று அறிக்கை வந்தது!

உங்கள் ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? செட்டியார்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை நடத்த, போன காலத்திலேயே மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படி வைத்து, மூன்று வருஷக் கணக்குக்குச் சம்பளச் சீட்டும் எழுதிக்கொண்ட ஊர். யார், எங்கே, எதுவரை. மென்பொருளிலும் முதலில் அதைச் சரி செய்யுங்கள். எந்த மென்பொருள் என்பது அப்புறம்தான்; ஐஹெச்ரிஸ் என்று இலவசமாகவே ஒன்று ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஓடுகிறது.

ஆறு மாதத்துக்கு யாருக்கும் மார்க் வேண்டாம். மிச்ச லீவு, பி.எஃப். விவரம், நைட் டியூட்டிக் கணக்கு, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய நர்சிங் கவுன்சில் பதிவு எப்போது முடிகிறது என்பது – இவற்றை ஒவ்வொருவரும் தன் பக்கத்தில் தானே பார்க்கட்டும். தப்பிருந்தால் அவர்களே வந்து சொல்வார்கள். பதிவேடு அப்படித்தான் சுத்தமாகும். அதற்கப்புறம் மதிப்பீடு. அதில் ஜெபத்துக்கு வந்தாரா என்று ஒரு கட்டம் இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ஊசி போடுகிற கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்களிடம் வேலை பார்க்கிறவர்களில் எல்லா மதத்தாரும் இருப்பார்கள்.

மதரிடம் ‘மார்க்’ என்ற பேச்சையே எடுக்காதீர்கள். போன மாத நைட் டியூட்டிக் கணக்கை அச்செடுத்துக்கொண்டு போங்கள். எந்தப் பெண் அதிக ராத்திரி நின்றிருக்கிறாளோ, அந்தப் பெயருக்கு நேரே விரலை வையுங்கள்.