கேள்வி-பதில்: ஹார்னஸை நின்று பார்த்து வாங்காதீர்கள்

கேள்வி: பாறை ஏறும்போது இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக் கயிற்றோடு பிணைக்கும் ஹார்னஸ் வாங்கினேன். கடையில் போட்டுப் பார்த்தபோது கச்சிதமாக இருந்தது. கர்நாடகத்தின் பாதாமிப் பாறையில் கயிற்றில் தொங்கியதும் இடுப்புப் பட்டை விலாவுக்கு ஏறிவிட்டது, தொடை மரத்துப்போனது. அளவு தப்பா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நின்றுகொண்டு பார்த்தால் எல்லா ஹார்னஸும் கச்சிதம்தான். பட்டை இடுப்பெலும்புக்குச் சற்று மேலே உட்கார வேண்டும். இறுக்கிய பிறகு இரண்டு கையாலும் பக்கவாட்டில் பிடித்துக் கீழே அழுத்துங்கள். எலும்பைத் தாண்டி இறங்கினால் அந்த அளவு உங்களுக்கு ஆகாது. பக்கிளுக்கு வெளியே எட்டு சென்டிமீட்டர் நாடாவாவது மிஞ்ச வேண்டும். அதற்கு மேலும் இறுக்க இடமிருக்க வேண்டும். கால் வளையத்துக்குள் விரித்த உள்ளங்கை நுழையலாம், முஷ்டி நுழையக்கூடாது.

பட்டை மேலே ஏறுவதற்கு முதல் காரணம் தளர்வு. இரண்டாவது, பட்டைக்கும் கால் வளையத்துக்கும் உள்ள இடைவெளி உங்கள் உடலுக்குப் பொருந்தாமல் இருப்பது. பெண்களுக்கான மாடல்களில் இந்த இடைவெளியை வழக்கமாகக் கூட்டியே வைப்பார்கள். ஆகவே இரண்டு வகையையும் போட்டுப் பாருங்கள். கடையில் கயிற்றில் தொங்கவிடச் சொல்லி ஐந்து நிமிடமாவது தொங்குங்கள். தொடை எங்கே அழுந்துகிறது என்று அப்போதுதான் தெரியும். தொங்க இடமில்லாத கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் நல்ல பைக் ஹெல்மெட் இருக்கிறது. பாறை ஏற அது போதாதா?
– வாசகர், சேலம்

பதில்: போதாது. கனம் கழுத்தை வாங்கும், மேலிருந்து "கல்!" என்று கத்தினால் காதில் விழாது.

கேள்வி: இணையத்தில் "ராக் கிளைம்பிங் பெல்ட்", "கிளைம்பிங் ஹெல்மெட்" என்று போட்டிருந்ததை நம்பி 1,800 ரூபாய்க்கு ஒரு செட் வாங்கினேன். பெல்ட்டில் எந்த லேபிளும் இல்லை. ஹெல்மெட்டில் ஈஎன் 397 என்று மட்டும் இருக்கிறது. விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கிறார்.
– வாசகர், சென்னை

பதில்: உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு அது மாறியிருக்கும். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதியுங்கள்.

இந்த வியாபாரத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. நானும் ஒருமுறை முத்திரையில்லாத ஹெல்மெட்டுக்குப் பணம் கொடுத்திருக்கிறேன். ஈஎன் 397 என்பது தொழிற்சாலை ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரம். அந்தத் தரத்தில் வரும் பெரும்பாலானவற்றில் தாடை ஸ்ட்ராப் 150 முதல் 250 நியூட்டன் விசைக்குள் கழன்றுவிடும். ஹெல்மெட் எதிலாவது மாட்டினால் தொழிலாளியின் கழுத்து நெரியக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. மலையேறுபவருக்குத் தேவை நேர் எதிர்: விழும்போது ஹெல்மெட் தலையிலேயே நிற்க வேண்டும். அதனால் மலையேற்றத் தரமான ஈஎன் 12492, 500 நியூட்டன் வரை ஸ்ட்ராப் தாங்க வேண்டும் என்கிறது. அதே கதைதான் பெல்ட்டிலும். கம்பத்தில் சாய்ந்து வேலை செய்ய உதவும் ஈஎன் 358 பெல்ட், விழுபவரைத் தாங்கச் செய்யப்பட்டதே இல்லை. ஏறுவதற்கான ஹார்னஸில் ஈஎன் 12277, தயாரித்த ஆண்டு, ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ முத்திரையும் அதற்குப் பக்கத்தில் தரத்தைக் கண்காணிக்கும் அமைப்பின் நான்கு இலக்க எண்ணும் தைத்த லேபிளில் இருக்கும். லேபிள் இல்லாததை ஒருமுறைகூடப் போட்டு ஏறாதீர்கள்.

கேள்வி: அண்ணன் 2012-இல் வாங்கிய ஹார்னஸ் பரணில் புதிதுபோல இருக்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்தில்தான் இருந்தது.
– வாசகர், மதுரை

பதில்: வெட்டிக் குப்பையில் போடுங்கள். பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும் துணிப் பொருளுக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தரும் உச்ச வரம்பு பத்து ஆண்டு. பேட்டரி அமில ஆவி பட்ட நைலான் பார்வைக்கு நன்றாகவே இருந்து, பாரம் ஏறியதும் அறுந்துவிடும்.

கேள்வி: உள்ளே குல்லா போட வசதியாக ஒரு சைஸ் பெரிய ஹெல்மெட் வாங்கி, தேசியக் கொடி பெயின்ட் அடித்தேன். இப்போது முன்னால் சரிகிறது. என்ன செய்ய?
– வாசகர், திருச்சி

பதில்: வாங்குமுன் கேட்டிருக்க வேண்டும். பெயின்ட்டில் உள்ள தின்னர் பிளாஸ்டிக் ஓட்டைக் கெடுக்கும். அதை இனி நம்ப முடியாது, மாற்றுங்கள். அடுத்ததை வாங்கும்போது புருவத்துக்கு மேல் டேப் சுற்றி அளந்து போங்கள். ஸ்ட்ராப் போடாமல் குனிந்து தலையை ஆட்டினாலும் விழாததுதான் சரியான அளவு. குல்லா போடுவதென்றால் அதே குல்லாவைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கேள்வி: ஆறு வயது மகளுக்கு எந்த ஹார்னஸ்? எடை 20 கிலோ.
– வாசகி, பெங்களூரு

பதில்: முழு உடல் ஹார்னஸ். ஈஎன் 12277-இல் 40 கிலோ வரையுள்ளோருக்கு "பி" என்ற வகை தனியாகவே உண்டு. குழந்தைக்கு இடுப்பு விரிந்திருக்காது. தலைகீழாகப் போனால் இடுப்பு ஹார்னஸ் கழன்றுவிடும். வளர்ந்தால் ஆகட்டும் என்று பெரிதாக வாங்காதீர்கள், இன்றைய உடம்புக்குப் பொருந்துவதை வாங்குங்கள்.