பெரம்பூரா, வேளச்சேரியா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்னையில் வீடு தேடுகிறவர்கள் அனுப்பும் கேள்விகளில் இந்த இரண்டு பெயர்களும் அடிக்கடி சேர்ந்தே வருகின்றன. ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. ஒன்று ரயில்வேயும் மில்லும் வளர்த்த ஊர். இன்னொன்று ஏரிக்கரைக் கிராமமாக இருந்து ஐ.டி. வேலைகளால் ஊதிப் பெருத்த ஊர். இந்த முறை வந்தவற்றில் ஆறு கேள்விகளை எடுத்திருக்கிறேன்.

எனக்குத் தரமணியில் வேலை, மனைவிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில். எங்கே வாடகைக்குப் போகலாம்?

வேளச்சேரி என்றால் உங்களுக்குச் சொர்க்கம். பறக்கும் ரயிலில் பெருங்குடி தாண்டினால் தரமணி. ஆனால் உங்கள் மனைவி டி70 பஸ்ஸில் கிண்டி, வடபழனி நெரிசல் அத்தனையையும் கடந்து போக வேண்டும். ஒரு மழை பெய்தால் எப்போது வீடு திரும்புவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

பெரம்பூர் என்றால் அவருக்கு ஆவடி மார்க்கத்தில் ஐந்தாவது ஸ்டேஷன் பட்டரவாக்கம்; எஸ்டேட்டுக்கு அங்கே இறங்கலாம். காலையில் கூட்டம் ஆவடியிலிருந்து சென்ட்ரலை நோக்கி வரும். அவர் போவது எதிர்த்திசையில் என்பதால் நெரிசல் குறைவு. நீங்கள் சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுன் வரை நடந்து பறக்கும் ரயில் பிடிக்க வேண்டும். காத்திருப்பதையும் சேர்த்தால் ஒன்றேகால் மணி நேரம் ஆகலாம். தூரம்தான், ஆனால் கிளம்பும்போதே போய்ச் சேரும் நேரம் ஓரளவு தெரியும்.

நான் பெரம்பூர் என்பேன். வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போனால், ஒருவருக்கு எவ்வளவு பக்கம் என்று பார்க்காதீர்கள். இருவரில் யாருக்கு அலைச்சல் அதிகமோ, அந்த அலைச்சல் தாங்கக்கூடியதா என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த அலைச்சல் மனைவி தலையில்தான் விழுகிறது.

பெரம்பூரில் மெட்ரோ வரப்போகிறது, விலை ஏறும், இப்போதே வாங்குங்கள் என்று தரகர் அவசரப்படுத்துகிறார். வாங்கலாமா?

மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் பாதை பெரம்பூர் வழியாகத்தான் போடப்படுகிறது. அயனாவரம், புரசைவாக்கம், மயிலாப்பூர், அடையாறு என்று போய் பழைய மகாபலிபுரம் சாலையைப் பிடிக்கும். வடசென்னையையும் ஐ.டி. சாலையையும் ஒரே ரயில் இணைப்பது பெரிய விஷயம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த வசதிக்கான விலையை விற்பவர் இன்றைக்கே கேட்கிறார். ரயில் ஓடும்வரை வட்டி கட்டப்போவது நீங்கள்.

வேளச்சேரிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். பறக்கும் ரயில் 2007-இல் வேளச்சேரி வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு மிச்சம் 5 கிலோமீட்டர்தான். அதுவும் சேர்ந்தால் தாம்பரம் மார்க்க ரயிலும் மெட்ரோவும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்கி ஃபிளாட் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். ஆதம்பாக்கத்தில் நிலம் எடுப்பதில் சிக்கல் வந்து, வருடக்கணக்கில் வெறும் தூண்கள்தான் நின்றன. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளி முடித்துக் கல்லூரிக்கே போய்விட்டார்கள்.

அதனால் இன்றைக்கு ஓடுகிற ரயிலை வைத்துக் கணக்குப் போடுங்கள். மெட்ரோ வந்தால் லாபம், தாமதமானாலும் நஷ்டமில்லை என்கிற விலையில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

வேளச்சேரியில் தரைத்தள ஃபிளாட் மலிவாகக் கிடைக்கிறது. வெள்ளம் எல்லா வருஷமுமா வரும்?

வேண்டாம். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் அங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். வேளச்சேரி ஏரி நிரம்பினால் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போக வேண்டும். அந்தச் சதுப்புநிலத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டது. மிஞ்சியதுதான் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஏரியும் முன்பிருந்ததில் ஒரு துண்டுதான். அப்படியென்றால் தண்ணீர் எங்கே போகும்? தன் பழைய இடத்துக்கே வரும். அங்கே இப்போது வீடுகள் இருக்கின்றன.

மேல்மாடி எடுப்பதானாலும் தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள். காம்பவுண்டுச் சுவரில் கறை எந்த உயரத்தில் இருக்கிறது? வாசலைவிடச் சாலை உயரமா? ஜெனரேட்டரையும் மின்மீட்டர் பெட்டியையும் எங்கே வைத்திருக்கிறார்கள்? தெருமுனையில் துணி தேய்ப்பவரிடம் கேளுங்கள், தரகர் சொல்லாததை அவர் சொல்வார்.

பெரம்பூர்ப் பக்கம் மட்டும் தப்பித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஓட்டேரி நல்லா என்கிற கால்வாய் நிரம்பினால் பட்டாளம், புளியந்தோப்பு தெருக்களில் தண்ணீர் நிற்கும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை பெருமழைக்கு மூழ்கிப் போக்குவரத்தே துண்டாகிவிடும்.

இருபது வருடமாகப் பெரம்பூரில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். உரிமையாளர் இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறாராம். புது வீடுகளின் வாடகை எங்களால் கொடுக்க முடியாது. என்ன செய்வது?

இந்தக் கடிதத்தைப் பலமுறை படித்தேன். 'ஏரியா வளருது' என்று ஊரே மகிழும்போது, அந்த ஏரியாவைத் தாங்கி நின்ற குடும்பங்கள் மூட்டை கட்டுகின்றன. ஆங்கிலத்தில் ஜென்ட்ரிஃபிகேஷன் என்கிறார்கள். நம் தெருவில் அதற்குப் பெயர் 'வாடகை கட்டுப்படியாகல, மாதவரம் பக்கம் போயிட்டோம்'.

பக்கிங்காம், கர்நாடிக் மில்களால் வாழ்ந்த ஊர் இது. நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் பிறந்தது அந்த மில் தொழிலாளர்களுக்காகத்தான். 1996-இல் மில் மூடியது. அந்த நிலத்தில் இன்று மாடிக் குடியிருப்புகள் எழுகின்றன. மில்லில் சங்கு ஊதியதும் சாப்பாட்டுத் தூக்கோடு ஓடியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே ஒரு சதுர அடியாவது வாங்க முடியுமா?

சரி, இப்போது செய்ய வேண்டியது. பழைய 1960 வாடகைச் சட்டம் இன்று கிடையாது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்யக் கேட்க அதில் உரிமையாளருக்கு வழி உண்டு. ஆனால் அவர் வாடகை நீதிமன்றம் மூலமாகத்தான் வர வேண்டும்; கரண்டைத் துண்டித்தும் தண்ணீரை நிறுத்தியும் விரட்ட முடியாது. உங்களிடம் எழுத்து ஒப்பந்தம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். வாடகை கொடுத்ததற்கான சான்றுகளையும் அட்வான்ஸ் ரசீதையும் ஒரே கவரில் வையுங்கள்.

அப்புறம் உட்கார்ந்து பேசுங்கள். பள்ளி ஆண்டு முடியும்வரை அவகாசம், சாவி கொடுக்கும் அன்றே முழு அட்வான்ஸ், கடைசி சில மாத வாடகையில் தள்ளுபடி: இந்த மூன்றையும் கேளுங்கள். கட்டட வேலையை நேரத்துக்குத் தொடங்க நினைக்கும் உரிமையாளருக்கு வழக்கைவிட இது லாபம். புது வீடு தேடும்போது பெரம்பூரை விட்டாலும் ரயில் பாதையை விடாதீர்கள். வில்லிவாக்கம், கொரட்டூர் பக்கம் உட்தெருக்களில் பாருங்கள். பிள்ளைகள் பழைய பள்ளிக்கே போகலாம், உங்கள் வேலையும் கைவிட்டுப் போகாது. நகருக்குள்ளிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடியமர்த்தப்பட்டவர்கள் இழந்தது வீட்டை மட்டுமல்ல, நடந்து போகும் தூரத்தில் இருந்த வேலையையும்தான்.

எங்கள் ஃபிளாட் பழசாகிவிட்டது. இடித்துக் கட்ட ஒருவர் மட்டும் சம்மதிக்கவில்லை.

2024 மார்ச்சில் அமலுக்கு வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். ஆனாலும் அந்த ஒருவர் ஏன் மறுக்கிறார் என்று கேளுங்கள். வயதானவராக இருந்தால், இடையில் இரண்டு மூன்று வருடம் எங்கே தங்குவது என்ற பயமாக இருக்கும். அதற்கான வாடகையை பில்டர் தருவதை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

பெண் பார்க்க வந்தவர்கள் 'வடசென்னையா?' என்று முகம் சுளித்தார்கள். வேளச்சேரிக்கு மாறிவிடலாமா?

மாற வேண்டாம். 1955-லிருந்து நாட்டுக்கே ரயில் பெட்டி செய்து தரும் ஐ.சி.எஃப். உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. முதல் வந்தே பாரத் ரயிலும் அங்கேதான் உருவானது. லூர்து மாதா கோயில் திருவிழாவுக்கு எல்லா மதத்தவரும் வரும் ஊர் அது. முகம் சுளித்தவர்களை ஒருநாள் மாலை பெரம்பூர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போங்கள். கடற்கரை பார்க்க வேண்டும் என்றால் வாசலிலேயே 29சி நிற்கிறது. ஏறினால் பெசன்ட் நகரில் இறக்கிவிடும். சாதாரணக் கட்டணப் பஸ்ஸாக வந்தால் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது.