ஒரே அழுத்தில் உடல் வலிமை தெரிந்துவிடுமா?

கேள்வி: நான் 54 வயதுப் பெண். உட்கார்ந்தே பார்க்கும் வேலை. உடற்பயிற்சி என்று எதுவும் கிடையாது. கைப்பிடியின் வலிமையை அளக்கும் டிஜிட்டல் கருவியை ‘ஒருமுறை அழுத்தினால் போதும், உடல் முழுவதன் பலமும் தெரியும்’ என்று விளம்பரப்படுத்துகிறார்கள். அழுத்திப் பழகும் ஸ்பிரிங் கிரிப்பர் இலவசமாம். வாங்கலாமா?

பதில்: விளம்பரத்தில் பாதி உண்மை இருக்கிறது. டைனமோமீட்டர் என்னும் இந்தக் கருவியை மருத்துவர்களும் பயன்படுத்துகிறார்கள். 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைப் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வில், பிடி 5 கிலோ குறையக் குறைய இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே போனால் வலிமை குறைவு என்பது, வயதாவதால் வரும் தசை இழப்பை ஆராயும் ஆசிய நிபுணர் குழு 2019இல் வைத்த அளவு. ஐரோப்பியக் குழுவின் அளவு 16.

மீதிப் பாதியைப் பார்ப்போம். உங்களைப் போல நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கைக்கு ஏதாவது வேலை இருந்துகொண்டே இருக்கும், தொடைக்குத்தான் இருக்காது. வயதாக ஆக வலு அதிகம் இழப்பதும் கால்கள்தாம். எனவே கையில் நல்ல எண் வந்தது என்று நிம்மதியடைய வேண்டாம். அசையாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு முடிந்த அளவு வேகமாக ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் ஆசியக் குழுவின் அதே 2019 கணக்கில் அது மந்தம். செலவே இல்லாத இந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள். முழங்கால் வலியோ தள்ளாட்டமோ இருந்தால் தனியாகச் செய்ய வேண்டாம்.

அதன் பிறகும் வாங்கத் தோன்றினால், பிடியின் அகலத்தை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். சிறிய கைக்கு அகலமான பிடி கொடுத்தால் இருக்கிற பலமும் எண்ணில் ஏறாது. உச்ச அளவு திரையில் அப்படியே நிற்க வேண்டும். கிலோவா பவுண்டா என்பதையும் கவனியுங்கள்: திரையில் 40 என்று பார்த்து மகிழ்ந்தால், அது பவுண்டாக இருக்கும்பட்சத்தில் வெறும் 18 கிலோதான். புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் காட்டுவதை ‘துல்லியம்’ என்று விற்பார்கள். அடுத்தடுத்து அழுத்தினாலே ஒரே கையில் எண் மாறும். உட்கார்ந்து, முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி, ஒவ்வொரு கையிலும் இரண்டு மூன்று முறை அழுத்தி, அதிகபட்ச எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் இதே நிலையில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். விரல் மூட்டு வாதமோ மணிக்கட்டு நரம்புத் தொந்தரவோ இருந்தால் எண் குறைவது கையின் கோளாறாக இருக்கலாம். அதை உடலின் தலையில் கட்ட வேண்டாம்.

கிரிப்பர் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். அதை அழுத்தி அழுத்தி முன்கை தேறும், கருவியின் எண்ணும் உயரும். தொடையும் முதுகும் இருந்த இடத்திலேயே இருக்கும். தெர்மாமீட்டரைக் குளிர்ந்த நீரில் முக்கிவிட்டுக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்பது போலத்தான் இது. உங்களுக்குத் தேவை எழுவது, படியேறுவது, எடை தூக்குவது போன்ற வலிமைப் பயிற்சி, வாரம் இரண்டு நாளாவது. அதைத் தொடங்கும் எண்ணம் இருந்தால், மாற்றத்தைக் கவனிக்க இந்தக் கருவி ஓரளவு உதவும். இல்லையென்றால் காசை மிச்சப்படுத்துங்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் கேட்டால் அவரே அளந்து சொல்லக்கூடும்.