ஸ்டீல்ஹெட் பிடிக்க வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பது வீண் செலவா?

ஏப்ரலில் மிச்சிகன் வருகிறேன், ஸ்டீல்ஹெட் (இங்கே பெரிய ஏரியில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கு வரும் ரெயின்போ டிரவுட் மீன்) பிடிக்க ஆசை, படகு வழிகாட்டி ஒரு நாளைக்கு 500 டாலர் கேட்கிறார், நானே போய்ப் பிடிக்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் போனேன். ஒரு மீன்கூட மாட்டவில்லை, அது போகட்டும். அங்கே நான் செய்த காரியத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

நீங்களும் என்னைப் போல வாய்க்காலில் மண்புழு கோத்து, மயிலிறகுக் காம்பைத் தக்கையாகக் கட்டி, ஜிலேபிக் கெண்டை பிடித்து வளர்ந்தவர் என்றே வைத்துக்கொள்கிறேன். அந்தத் தெம்பில்தான் டெட்ராய்ட் பக்கத்திலிருந்து மூன்றரை மணி நேரம் கார் ஓட்டி பால்ட்வின் என்ற ஊருக்குப் போனேன். ஆற்றின் பெயர் பியர் மார்க்கெட். (போனில் சொன்னபோது மாமனார் காதில் ‘பீர் மார்க்கெட்’ என்று விழுந்து, அதற்கு ஒரு வாரம் விளக்கம் கொடுத்தேன்.) மார்பு வரை வரும் நீர்புகா உடுப்பை மாட்டிக்கொண்டு, கால் வழுக்காத இடமாகப் பார்த்து, ஆழமில்லாத வெளிறிய கூழாங்கல் திட்டுகளில் நின்று வீசினேன். கண்ணெதிரே மீன் போகும். ஒன்றும் கடிக்காது.

மூன்றாம் வருடம் நண்பரும் நானும் பாதிப் பாதி போட்டு வழிகாட்டியோடு போனோம். அறுபதைத் தாண்டிய மனிதர், துடுப்புப் படகு, லேசான பனித்தூறல். முதலில் தண்ணீரில் வெப்பமானியை விட்டுப் பார்த்தார். 42 டிகிரி ஃபாரன்ஹீட். தலையாட்டிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் என்னுடைய பழைய இடம் வந்தது. “போன வருடம் நான் அங்கேதான் நின்றேன்” என்று பெருமையாகக் கைகாட்டினேன். துடுப்பை நிறுத்தினார். “முட்டைகள் மேல் நின்றிருக்கிறீர்கள்” என்றார்.

பெண் மீன் வாலால் அடித்து அடித்துக் கல்லைப் பறித்துக் குழியாக்கி, முட்டையிட்டு, மறுபடி கல்லைத் தள்ளி மூடுமாம். பாசி பிடித்த கல் புரண்டுவிடுவதால்தான் அந்தத் திட்டு மட்டும் வெளிறித் தெரிகிறது. முட்டை பொரிந்து குஞ்சு கல்லுக்குள்ளிருந்து வெளியே வரப் பல வாரம் ஆகும். அதுவரை யாரும் மிதிக்கக் கூடாது. நான் இரண்டு வருடமாகச் சவுகரியமாக மிதித்திருக்கிறேன்.

கடிக்கிற மீன் இருந்தது அந்தத் திட்டுக்குக் கீழோட்டத்தில், தண்ணீர் கருத்து ஆழமாக ஓடும் இடத்தில். தூண்டிலில் ஆரஞ்சு நூலால் கட்டிய போலி முட்டை, மேலே சின்ன ஈயக்குண்டு, அதற்கும் மேலே தக்கை. தூண்டில் நரம்பு தண்ணீர் ஓட்டத்தில் வளைந்து தக்கையை இழுத்தால் மீன் தொடாது. அதனால் நரம்பை அவ்வப்போது தூக்கி மேலோட்டப் பக்கம் போட வேண்டும். இதைப் பழகவே மதியமாகிவிட்டது. அப்புறம் மூன்று மாட்டின. ஒன்று மூழ்கிக் கிடந்த மரத்துக்குள் புகுந்து நரம்பை அறுத்தது. ஒன்று துள்ளித் தூண்டில் முள்ளை உதறிவிட்டது. மூன்றாவதை அவர் படகை அதன் பின்னாலேயே ஓட்டி வலையில் ஏந்தினார். 28 அங்குலம், வெள்ளிமேல் ரோஜாக் கோடு. கையை நனைத்துக்கொண்டு, ஓட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்திருந்தேன். வாலை ஒரு அடி அடித்துவிட்டுப் போய்விட்டது. இந்த ஆற்றில் எம்-37 நெடுஞ்சாலைப் பாலத்திலிருந்து க்ளீசன்ஸ் லேண்டிங் படகுத்துறை வரை பிடித்ததை விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். முட்டையிட்டதும் செத்துப்போக இது சால்மன் இல்லை, ஏரிக்குத் திரும்பி இன்னொரு வருடமும் வரக்கூடிய மீன்.

“காசு கொடுத்துப் பிடித்துவிட்டு வந்தாயா?” என்று சொந்தக்காரர்கள் இன்னும் சிரிக்கிறார்கள். ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் யாருக்காவது ஐபோன் தூக்கிக்கொண்டு போகிறேனே, அது மட்டும் வீண் செலவாகத் தெரிவதில்லை. போன தடவை ஒரு தம்பி கலர் பிடிக்கவில்லை என்றான். பணம் இன்னும் வரவில்லை.

கடலுக்குப் போகாதது ஸ்டீல்ஹெட்டே இல்லை என்று அமெரிக்க மேற்குக் கரைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். இவை பசிபிக் பக்கத்திலிருந்து கொண்டுவந்து, 1876 முதல் மிச்சிகனில் விடப்பட்டவைதான், மறுக்கவில்லை. ஊட்டி அவலாஞ்சி ரெயின்போ டிரவுட்டும் இதே இனம்தான். மீனைத் துன்புறுத்துவது பாவம் என்பவர்களிடமும் எனக்குப் பதில் இல்லை, திட்டிக்கொள்ளுங்கள்.

போகிறீர்கள் என்றால் வார நாளில் போங்கள், தண்ணீருக்குள் பார்க்க போலரைஸ்டு கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ் தனி. முன்பணம் கட்டுவதற்கு முன்னால், “முட்டையிடும் திட்டில் நிற்கும் மீனுக்கு வீசச் சொல்வீர்களா?” என்று கேளுங்கள். ஆமாம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.